பணி நேரத்தில் கிட்டிய ஊக்கம்



கிறித்தவர் ஒருவரிடம், "உங்களுக்கு மனத்தெம்பு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி, தியானக் கூட்டம், தனியறைச் செபம், விவிலிய வாசிப்பு என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவர். அந்த விடை சரியானதே. ஆனால், அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு என்பதைக் கடந்த ஈராண்டுகளில் நான் அறிந்தேன். காலை ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளி நேரத்தில், வகுப்பறைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் நடுவில், நான் தேடாத வேளையில் அந்தத் தெம்பு வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் ஒருவர்கூடக் கிறித்தவர் இல்லை. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் என் சூழலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றுவது மலேசியாவில் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஒரு தமிழ்ப்பள்ளி. மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. எங்கள் பள்ளி அந்தக் கோட்டிற்கு வெகு கீழே நிற்கிறது. மாணவர் குறைவு என்றால் வேலையும் குறைவு என்று வெளியில் இருப்போர் எண்ணக்கூடும். ஆனால், மாணவர் குறையும்போது ஆசிரியரும் குறைகின்றனர். பெரிய பள்ளியில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகளை இங்கே மூவர் சுமக்க வேண்டியுள்ளது. தமிழ்மொழியும் நன்னெறிக் கல்வியும் கற்பிப்பதோடு நூல்நிலையம், பாடநூல் இரவல், புறப்பாட நடவடிக்கை ஆகியவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின்னர் வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றுவிட்டது. ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் 1 முதல் 6 வரை கணித்துக் கணினியில் பதிய வேண்டும். இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் தோட்டப்புறத்தில் அப்பணி எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள்.

இந்நிலையில் என் அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களின் பிற்பகல் வேளை. பள்ளி முடிந்த கையோடு அம்மாவை மையத்திற்கு அழைத்துச் செல்வேன். அவர் இயந்திரத்தின் அருகே சாய்ந்திருக்க, நான் வெளியே நாற்காலியில் அமர்ந்து மாணவர்களின் பயிற்சி நூல்களைத் திருத்துவேன். வீடு திரும்ப இருட்டிவிடும். அதன் பிறகு சமையல், மறுநாளுக்கான பாடத்திட்டம்.

அதற்கு முன்னர், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அரைமணி நேரம் செபிப்பது என் வழக்கம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்திலிருந்தே அவ்வழக்கம் உண்டு. அம்மாவின் நோய் முதலில் பறித்தது அந்த அரைமணி நேரத்தைத்தான். விவிலியத்தைத் திறந்தால் இரண்டாவது வரியில் கண் செருகிவிடும். திருப்பலியில் மறையுரை செவியில் விழும், உள்ளத்தில் இறங்காது. இறைவன் மௌனமாகிவிட்டாரோ என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேர்விட்டது.

ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர் 40 வயது நிறைந்தபின் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய பாரத்தை அச்செடுத்து, எழுத வேண்டியவற்றை எல்லாம் எழுதி, பள்ளியில் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கையொப்பமும் தேதியும் மட்டுமே எஞ்சியிருந்தன.

அந்த நாள்களில் நடந்தவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவனுக்கு வாசிப்பில் பெருந்தடுமாற்றம். எழுத்துகளை அறிவான், ஆனால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வந்தால் குழம்பிவிடுவான். 'கொடு' என்பதைக் 'கோடு' என்பான். 'தேன்' என்பதைத் 'தென்' என்பான். வாரத்தில் இரண்டு பாடவேளை அவனைத் தனியே அமர்த்திக் குறைநீக்கல் பயிற்சி அளித்து வந்தேன். அவனைப் பார்க்கும்போது எனக்கு வீரமாமுனிவரின் நினைவு வரும். பழைய ஓலைச்சுவடிகளில் எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டுக் காட்டுவது முறை. புள்ளி விடுபட்டுப் போனால் அது குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த அந்த இயேசு சபைத் துறவி, 18ஆம் நூற்றாண்டில் கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். என் மாணவனைக் குழப்பிய அந்தச் சுழி, படிப்பவர்களின் குழப்பத்தைத் தீர்க்க ஒரு குருவானவர் செய்த வேலை! துறவறத்தில் இருந்தவர் இத்தனை சிறிய வேலைக்கும் நேரம் ஒதுக்கினாரே என்று வியந்துகொள்வேன்.

அவன் ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் நான் கூறுவது ஒரே வாக்கியம்தான்: "பரவாயில்லை, மறுபடியும் முதலிலிருந்து பார்க்கலாம்." எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் சொற்களை எழுதிக்கொண்டிருந்தான். நான் அருகில் அமர்ந்து அடைவுநிலைகளைப் பதிந்துகொண்டிருந்தேன். ஏறத்தாழ முடியும் தறுவாயில் இணையம் துண்டிக்கப்பட்டது. பதிந்தவை அனைத்தும் மறைந்துபோயின. அன்று பிற்பகல் அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டும். பதிவுக்கோ அன்றுதான் கடைசி நாள். நான் மடிக்கணினியை மூடிவிட்டுக் கண்களையும் மூடிக்கொண்டேன்.

"பரவாயில்லை டீச்சர், மறுபடியும் முதலிலிருந்து பார்க்கலாம்."

கண்ணைத் திறந்தேன். அவன் கேலி செய்யவில்லை. நான் சொல்லும் அதே தொனியில், அதே அமைதியில் சொல்லிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டான். அவனைப் பொறுத்தவரை அது தடுமாறியவரிடம் சொல்ல வேண்டிய சொல். அவ்வளவுதான்.

பல மாதங்களாக இறைவனிடம் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் சொல்லாகவே, எட்டு ஒன்பது வயதுச் சிறுவனின் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. விடுபட்ட செபங்களுக்கு வானத்தில் யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருப்பதைப் போன்ற ஓர் அச்சம் என்னுள் இருந்தது. அன்று அது கரைந்தது. தடுமாறும் குழந்தையிடம் ஓர் ஆசிரியைக்கே இவ்வளவு பொறுமை இருக்குமானால், படைத்தவருக்கு எவ்வளவு இருக்கும்! மடிக்கணினியைத் திறந்து மறுபடியும் முதலிலிருந்து பதிந்தேன்.

இரண்டாவது, சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்காவைப் பற்றியது. செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்ததும் நான் ஓட்டமும் நடையுமாக வாகனத்திற்குச் செல்வதை அவர் கவனித்திருக்கிறார். ஒரு வியாழக்கிழமை வாகனத்தின் அருகே பொட்டலத்தோடு நின்றார்.

"டீச்சர், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறீர்கள், சரி. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

அம்மாவின் நலத்தைப் பலர் கேட்பர். நான் சாப்பிட்டேனா என்று நெடுநாளாக யாரும் கேட்டதில்லை. பொட்டலத்தில் மீகூனும் ஓர் அவித்த முட்டையும் இருந்தன. பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் ஓய்வு நேரம் முடிவதற்குள் ஒரு பொட்டலம் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

விவிலியத்தில் எலியா என்னும் இறைவாக்கினரின் கதை உண்டு. அரசியின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்தில் ஓடியவர், ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும் என்று சாவை வேண்டினார், பிறகு தூங்கிப்போனார். அவரிடம் வந்த வானதூதர் அறிவுரை எதுவும் கூறவில்லை. ஏன் சோர்ந்தாய் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் காட்டினார். எலியா உண்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ண வைத்தார். அந்த உணவின் வலிமையில்தான் அவர் நாற்பது நாள் நடந்து இறைவனின் மலையை அடைந்தார். இறைவனின் மெல்லிய ஒலியை அவர் கேட்டது அதற்குப் பிறகுதான். மறையுரைகளில் இந்தப் பகுதியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால், வாகனத்தில் அமர்ந்து அந்த மீகூனை உண்ட நாளில்தான் அது எனக்கு விளங்கியது. களைத்தவருக்கு இறைவன் அனுப்பும் முதற்செய்தி உணவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, என் மூத்த சக ஆசிரியை. முருக பக்தர். வெள்ளி தவறாமல் கோவிலுக்குச் செல்பவர். ஒரு திங்கட்கிழமை, சபைகூடல் முடிந்து வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது சற்றுத் தயங்கியவாறு சொன்னார்: "வெள்ளிக்கிழமை கோவிலில் உங்கள் அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியவில்லை, பெயரை மட்டும் சொன்னேன். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே?"

கிறித்தவ ஆசிரியர் சிலருக்கு இத்தகைய வேளையில் சங்கடம் ஏற்படுவது உண்டு. எங்கள் வழிபாட்டு முறை வேறு. நான் அர்ச்சனை செய்வதில்லை. ஆயினும், ஒரு வாரம் முழுவதும் பள்ளியில் உழைத்துக் களைத்தவர், தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேண்டும் இடத்தில் என் அம்மாவின் பெயரையும் சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிதாக அவர் என்ன தர முடியும்? இயேசு உரோமைப் படைத்தலைவர் ஒருவரின் நம்பிக்கையைக் கண்டு வியந்தார். அடுத்திருப்பவர் யார் என்ற வினாவுக்கு ஒரு சமாரியரையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். தம் மக்களின் எல்லைக்கு வெளியே இருந்தவர்களிடம் அவர் கண்ட நன்மையை, நான் என் பக்கத்து மேசையில் காண மறுப்பது எப்படி? "நன்றி அக்கா. உங்கள் மகளின் தேர்வுக்கு நானும் வேண்டிக்கொள்கிறேன்" என்றேன். அவர் மகிழ்ந்தார். இருவரும் சொன்னபடி செய்தோம். அம்மாவின் நட்சத்திரத்தை அவர் இன்றுவரை கேட்கவில்லை. நானும் அவரைக் கோவிலுக்குப் போகாதே என்று சொல்லப்போவதில்லை.

எங்கள் பங்கில் என் தோழி ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் கேட்டார்: "இவை நல்ல மனிதர்களின் நற்செயல்கள். இவற்றை ஏன் இறைவனின் செயல் என்கிறாய்?"

நியாயமான வினா. பல நாள் சிந்தித்தேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான். பாராட்டும் ஊக்கமும் ஒன்றல்ல. பாராட்டு நான் செய்து முடித்ததை நோக்கும். கிடைத்ததும் மகிழ்வேன், மறுநாள் இன்னும் வேண்டும் என்று தோன்றும். அந்த மூவரும் என்னைப் பாராட்டவில்லை. அவர்களின் சொல்லும் செயலும் என் நிலைமையை மாற்றவும் இல்லை. அம்மா இன்றும் வாரம் மூன்று நாள் அந்த இயந்திரத்தின் அருகே சாய்ந்திருக்கிறார். பதிவு வேலையும் குறையவில்லை. ஆனால், அடுத்த அடியை எடுத்து வைக்கும் வலிமை வந்தது. அவ்வலிமை என்னைப் பிறரை நோக்கித் திருப்பியது. அன்று முதல் அந்தச் சிறுவனிடம் இன்னும் பொறுமையாக இருக்க முடிந்தது; சுத்திகரிப்பு மையத்தில் தனியே காத்திருக்கும் மற்றவர்களிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கத் தோன்றியது. நல்ல மனிதர்களின் நற்செயல் என்பது உண்மை. இறைவன் தந்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை என்பதே என் நம்பிக்கை.

இந்த எண்ணத்தோடு விவிலியத்தைத் திருப்பிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. மோசே எரியும் முட்புதரைக் கண்டது, மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது. கிதியோனுக்கு அழைப்பு வந்தது, பகைவருக்குத் தெரியாமல் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தபோது. எலிசா ஏர் உழுதுகொண்டிருந்தார். மத்தேயு சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்தார். பெத்லகேமில் இடையர்கள் இரவுக்காவலில் இருந்தனர். சமாரியப் பெண் நண்பகலில் தண்ணீர் எடுக்க வந்தவர். கோவிலில் காட்சி கண்ட எசாயாவைப் போன்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அதே கோவிலில் வானதூதரைக் கண்ட செக்கரியாகூடத் தம் முறைக்கு வந்த குருத்துவப் பணியைச் செய்துகொண்டுதான் இருந்தார்! வேலை நேரம் என்பது இறைவனுக்கு வெளியே இருக்கும் நேரம் அன்று.

17ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்சு என்பவர் வாழ்ந்தார். அவருக்கு இடப்பட்ட பணி சமையலறை வேலை. பிற்காலத்தில் காலணி தைக்கும் வேலை. செபவேளையையும் வேலை வேளையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் இறைவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். 1691ஆம் ஆண்டில் அவர் இறந்த பின் தொகுக்கப்பட்ட அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் கத்தோலிக்கர், சீர்திருத்த சபையினர் என எல்லாராலும் இன்றும் படிக்கப்படுகின்றன.

இதற்காகப் பாரிசுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பால்மரம் சீவிய என் பாட்டிக்கும் இது தெரிந்திருந்தது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பிறகு நிரையில் இறங்கி நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவ வேண்டும். செபமாலையைக் கையில் பிடிக்க வழியில்லை. ஒரு கையில் கத்தி, மறு கையில் வாளி. அதனால் ஒரு மரத்திற்கு ஒரு செபம் என்று வைத்துக்கொள்வாராம். கோட்டைக் கிழித்து, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்திற்கு நடப்பதற்குள் ஒரு செபம் முடிந்துவிடும். "ஒரு நிரையில் எத்தனை மாலை முடியும் தெரியுமா?" என்று எங்களிடம் பெருமையாகக் கேட்பார். அவருக்கு வேலையை நிறுத்திவிட்டுச் செபிக்க நேரம் இருந்ததில்லை.

இப்போது நானும் அப்படி ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் மனத்திற்குள் ஒரு வேண்டுதல். வெளியே கேட்பது பெயர் மட்டும். 'உள்ளேன்' என்று குழந்தை விடை சொல்வதற்குள் அது முடிந்துவிடும். வராத குழந்தையின் பெயரில் சற்று நேரம் நின்று செல்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். என் சமயத்தை நான் வகுப்பில் போதிப்பதில்லை. எங்கள் மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். தமிழும் நன்னெறியும் கற்பார்கள் என்று நம்பியே பெற்றோர்கள் அவர்களை என்னிடம் அனுப்புகின்றனர். அந்த நம்பிக்கையைக் காப்பது என் கடமை. பள்ளியில் கலைமகள் விழா நடந்தாலும் பொங்கல் வைத்தாலும் கோலமிடவும் கரும்பு கட்டவும் நானும் நிற்கிறேன். என் பத்தி என் பொறுமையில் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால், வாயால் சொல்லி என்ன பயன்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் புள்ளிகளைப் பற்றியும் பயிற்சிகளைப் பற்றியும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கூடவே என்றாவது ஒருநாள், "நீங்கள் நலமா, ஆசிரியரே?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு வினா எந்த நாளில், எந்த மனநிலையில் இருப்பவரின் செவியில் விழும் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் சமயம் எதுவாக இருந்தாலும், நீங்கள் நாள்தோறும் மாணவர்களிடம் சொல்லும் ஆறுதல் மொழிகளைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். அவை உங்களுக்கும் உரியவை.

அந்த விருப்ப ஓய்வுப் பாரத்தில் நான் கையொப்பம் இடவில்லை. அம்மாவின் உடல்நிலை இன்னும் தளர்ந்தால் ஒருநாள் இட நேரலாம். அப்படி இட்டாலும் அது தோல்வியாகாது. அம்மாவுக்குச் செய்யும் கடமையாக இருக்கும். ஆனால், இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்ற சோர்வினால் இனி அதில் கையொப்பம் இட மாட்டேன். இந்த ஈராண்டுகளில் எனக்குக் கிடைத்த ஊக்கத்தின் பயன் அதுவே.

ஒவ்வொரு நாளும் இப்படி ஏதேனும் கிட்டும் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமே நிகழாத வாரங்கள் பல உண்டு. அந்த வாரங்களிலும் பள்ளி மணி அடிக்கிறது, பதிவேட்டைத் திறக்கிறேன், பெயர்களை அழைக்கிறேன். உங்கள் வகுப்பறைகளிலும் இல்லங்களிலும் இறையருள் நிறைந்திருக்க என் வேண்டுதல்கள்.